அப்பாவுக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள், கொடுக்கப் பயமாக இருக்கிறது

கரிசல்மகள் (திங்கள், இரவு 11:52)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை, கேட்க ஆளும் இல்லை.

அப்பாவுக்கு 71 வயது. ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். புராஸ்டேட் புற்றுநோய், முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் மார்ஃபின் 10 மி.கி., அரை மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று இருக்கிறது. கூடவே வாந்திக்கு ஒன்று, ராத்திரி மலம் இளக ஒன்று, பாராசிட்டமால் 650.

மூன்று நாள் ஆகிறது. மார்ஃபின் அட்டையை நான் இன்னும் பிரிக்கவில்லை. பீரோவில் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சித்தப்பா பார்த்துவிட்டு, "இது அபின்ல செய்யுறதும்மா. கடைசி நேரத்துல குடுக்கது. குடுத்தேன்னா அண்ணாச்சி அப்படியே படுத்துருவாவ" என்றார்.

அப்பா ராத்திரியெல்லாம் துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். காலையில் அந்தத் துண்டை நான்தான் துவைக்கிறேன். பல் பட்ட இடத்தில் நூல் பிரிந்திருக்கிறது.

கொடுத்தால் பழகிவிடுமா? மூச்சு நின்றுவிடுமா? இப்போதே கொடுத்துவிட்டால் பிறகு வலி கூடும்போது வேலை செய்யாதா? யாராவது கொடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


முத்துநகர் (செவ்வாய், காலை 5:20)

சகோதரி, என் மாமனாருக்கு நாங்கள் கொடுக்கவில்லை. இதே பயம். இதே பேச்சு. கடைசி ஐந்து வாரமும் அவர் கத்தினது பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது. அவர் போனபின் பீரோவைத் திறந்தால் மூன்று அட்டை முழுசாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி அழுததை மறக்க முடியவில்லை. டாக்டர் எழுதினதைக் கொடுங்கள். எப்படிக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள்.


தாமிரபரணி_செவிலி (செவ்வாய், காலை 7:05)

தங்கச்சி, நான் வீடு வீடாகப் போய் இந்த மாதிரி நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். பதினொரு வருஷமாச்சு. ராத்திரி டியூட்டி இப்பத்தான் முடிஞ்சுது, கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிங்க. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன்: அளவு உங்க டாக்டர் எழுதினதுதான். அதைக் கூட்டவும் குறைக்கவும் நானோ, இங்க இருக்கிற வேற யாருமோ சொல்லக்கூடாது. கொடுக்கிற முறையை மட்டும் சொல்றேன்.

மார்ஃபினை வலி வந்தப்புறம் கொடுக்கிற மாத்திரைன்னு நினைக்காதீங்க. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கணும். சாதா மாத்திரை உள்ளே போய் அரை மணி நேரத்துல வேலை செய்ய ஆரம்பிக்கும், நாலு மணி நேரம் தாங்கும். அதனாலதான் நாலு மணிக்கு ஒருக்கா. எங்க பக்கம் எழுதுற வழக்கம் காலை 6, 10, மத்தியானம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10. ராத்திரி 10 மணிக்கு மட்டும் ரெட்டிப்பா எழுதுவாங்க, நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம்னு. உங்க சீட்டுல அப்படி இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா செய்யாதீங்க. வலி வந்து உச்சத்துக்கு ஏறினப்புறம் கொடுத்தா அதை இறக்க ரொம்ப நேரமாகும். அப்பா துண்டைக் கடிக்கிற அளவுக்குப் போகுதுன்னா அந்த வலியை விட்டுப் பிடிக்கிறோம்னு அர்த்தம்.

இடையில திடீர்னு வலி குத்தினா கொடுக்க "தேவைப்பட்டால்" அப்படின்னு தனியா ஒரு அளவு எழுதியிருப்பாங்க. அதை எப்ப கொடுத்தீங்கன்னு எழுதி வைங்க. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை அது தேவைப்படுதுன்னா டாக்டர் மொத்த அளவை மாத்துவார். அவருக்கு உங்க நோட்டுதான் கண்ணு.

முதல் ரெண்டு மூணு நாள் குமட்டும், தூங்கிக்கிட்டே இருப்பார். வாரக்கணக்கா தூங்காத மனுஷன், வலி விட்டா தூங்கத்தான் செய்வார். பயந்துடாதீங்க. தூக்கமும் குமட்டலும் பழகிடும். மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. மார்ஃபின் போற வரைக்கும் அதுவும் கூடவே வரும். அதனால ராத்திரி அந்த மலமிளக்கி மாத்திரையை ஒருநாள் கூட விடாதீங்க. "இன்னிக்கு மோஷன் போயிட்டார், வேண்டாம்" அப்படின்னு நிறுத்துற வீட்லதான் நாலாம் நாள் நான் போய் எனிமா கொடுக்க வேண்டியிருக்கு.

ரெண்டு கேள்வி. ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் எவ்வளவு? சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறது அது, கூடினா சிறுநீரகம் மந்தம்னு அர்த்தம். வீட்ல வேற என்ன மாத்திரை சாப்பிடறார்? தூக்க மாத்திரை உண்டா? எல்லாத்தையும் எழுதுங்க.


நொய்யல்வாசி (செவ்வாய், காலை 9:40)

செவிலி அம்மா அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு வார்த்தை. என் தம்பி முதுகுவலிக்கு வலி மாத்திரை ஆரம்பித்து அதிலிருந்து வெளியே வர எங்கள் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல. "டாக்டர் எழுதினார்" என்றுதான் அதுவும் தொடங்கியது. அந்தச் சித்தப்பாவின் பயத்தை அறியாமை என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது "போதை மாத்திரை விற்ற கும்பல் கைது" என்று செய்தி வருகிறது. அதில் இருப்பதும் வலி மாத்திரைதானே?


ஈரோடு_மருந்தாளுநர் (செவ்வாய், மதியம் 1:15)

மருந்துக்கடையில் 22 வருடம் நிற்கிறேன். நொய்யல்வாசி கேட்டது நியாயமான கேள்வி, அதனால் பிரித்துச் சொல்கிறேன்.

சித்தப்பா சொன்னதில் ஒன்று உண்மை. மார்ஃபின் அபினில் இருந்துதான் வருகிறது. குருமாவுக்கு அரைக்கிறோமே கசகசா, அந்தச் செடியின் காயில் வடியும் பால்தான் அபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் உரிமம் வாங்கிய விவசாயிகள் வளர்க்கிறார்கள். நீமச், காசிப்பூர் ஆகிய இரண்டு ஊர்களின் அரசு ஆலைகளில் அது மருந்தாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து இது. 1986-இல் புற்றுநோய் வலிக்கு அந்த நிறுவனம் வகுத்த படிக்கட்டு முறையில் மேல்படியும் இதுவே. மேல்படி என்றால் கடைசி நாள் என்று பொருளில்லை, கடும் வலி என்று பொருள். ஒரு வருடம், இரண்டு வருடம் சாப்பிட்டு வீட்டு வேலை பார்த்துக்கொண்டு இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கி வைக்கப் பல உரிமங்கள், சிறு கணக்குப் பிழைக்கும் கடும் தண்டனை. பல இடங்களில் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டார்கள். ஒரு தலைமுறை டாக்டர்களே அதை எழுதிப் பழகாமல் படித்து வெளியே வந்தார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அனுமதியில் வாங்கலாம் என்று ஆக்கினார்கள். தெருமுனை மெடிக்கலில் இன்றும் கிடைக்காது. அதனால் தீரும் முன்பே, நான்கு நாளுக்கான மாத்திரை மீதி இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கிவிட வேண்டும். திடீரென்று நின்றுபோவது ஆபத்து.

செய்தியில் வரும் மாத்திரைகள் பெரும்பாலும் வேறு. பொடியாக்கித் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் கதை அது. உங்கள் அப்பா அரை மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறார். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

நான் பயப்படுவது எதற்கு என்று கேட்டால் வேறு ஒன்றைச் சொல்வேன். "அண்ணே, மூட்டுவலிக்கு ரெண்டு வேளை செட் போட்டுக் குடுங்க" என்று தினமும் என் கடைக்கு வருகிறார்களே, அதற்கு. சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். காகிதத்தில் மடித்த நான்கு மாத்திரை, பெயர் கிடையாது. ஒன்று டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையாக இருக்கும், ஒன்று பாராசிட்டமால், ஒன்று வாயுவுக்கு, சில இடங்களில் ஒரு குட்டி ஸ்டீராய்டும் சேரும். இதற்கு எந்தச் சித்தப்பாவும் பயப்படுவதில்லை.


வைகைக்கரை (செவ்வாய், மாலை 6:30)

ஈரோட்டு அண்ணன் சொன்ன அந்தச் செட்டுதான் எங்கம்மாவை இன்றைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் உட்கார வைத்திருக்கிறது.

முட்டிவலி. களையெடுக்கப் போகணும், குனிந்து நிமிரணும். மூன்று வருடம், அநேகமாக நாள் தவறாமல் ஒரு செட். அம்மாவுக்கு பி.பி. உண்டு, டெல்மிசார்டானும் அதோடு நீர் போகிற மாத்திரையும் சாப்பிட்டார். அந்த இரண்டோடு டைக்ளோஃபினாக் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் மூன்று பக்கமும் நெரிபடும் என்று சிறுநீரக டாக்டர்தான் படம் போட்டுக் காட்டினார். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்தது வேறு. காலில் வீக்கம் வந்தபோது "நின்னுக்கிட்டே வேலை பாக்கறேன்ல" என்று சொல்லிவிட்டார். அந்த வீக்கத்துக்கும் ஒரு செட் வாங்கிப் போட்டார்.

அம்மா டைக்ளோஃபினாக் என்கிற பெயரைக் கேள்விப்பட்டதே கிடையாது. "மஞ்சள் மாத்திரை, ரோஸ் மாத்திரை" என்றுதான் சொல்வார். டாக்டர் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முந்தானையில் மீதி இருந்த காகிதப் பொட்டலத்தை அவிழ்த்து மேசையில் கொட்டினேன். அதுதான் எங்களிடம் இருந்த ஒரே மருத்துவ ஆவணம்.

கரிசல்மகள், அப்பாவுக்கு ஏற்கெனவே வீட்டில் இருக்கிற வலி மாத்திரையை எல்லாம் தேடிப் பாருங்கள். தலையணைக்கடியில், சட்டைப்பையில், எல்லா இடத்திலும்.


கரிசல்மகள் (புதன், காலை 6:45)

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முதல் மாத்திரை கொடுத்தேன்.

கை நடுங்கியது. அரை மாத்திரையாக உடைக்கப் பத்து நிமிடம் பிடித்தது. மாத்திரையின் நடுவில் கோடு இருக்கிறது, ஆனாலும் ஒருபக்கம் பெரிதாகிவிடுமோ என்று பயம். சித்தப்பா திண்ணையிலிருந்து எழுந்து போய்விட்டார். அரை மணி நேரம் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் துண்டை விட்டுவிட்டார். அது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பிறகு தூங்கினார். நான் தூங்கவில்லை, மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். நிமிடத்துக்கு 16.

காலையில் எழுந்ததும், "ஏட்டி, காப்பி போடு" என்றார். மூன்று வாரத்தில் அவராகக் கேட்ட முதல் காப்பி.

செவிலி அக்கா கேட்டது: கிரியாட்டினின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் 1.3 என்று இருக்கிறது. தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.25 ஒன்று ரொம்ப வருடமாகச் சாப்பிடுகிறார். அதை இந்த டாக்டரிடம் சொல்ல மறந்துவிட்டோம்.


தாமிரபரணி_செவிலி (புதன், காலை 8:10)

அந்தக் காப்பி சந்தோஷம் தங்கச்சி.

அல்பிரசோலம் பத்தி இன்னிக்கே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. மார்ஃபினும் மூச்சை மெதுவாக்கும், அதுவும் மெதுவாக்கும். ரெண்டும் சேர்ந்தா கூட்டுத்தொகை பெரிசு. அதுக்காக நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, வருஷக்கணக்கா சாப்பிட்டதைச் சட்டுன்னு நிறுத்தினா உடம்பு வேற மாதிரி படுத்தும். டாக்டர் சொல்ற மாதிரி குறைக்கணும். சாராயம் எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது, சித்தப்பா அன்பா ஒரு மடக்கு ஊத்திக் கொடுத்தாலும் கூட.

மூச்சை எண்ணினது நல்ல காரியம். இதை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைங்க: கூப்பிட்டா முழிச்சு பதில் சொல்றவரைக்கும் அது தூக்கம். கூப்பிட்டு, உலுக்கி, நெஞ்செலும்பை விரல் முட்டியால அழுத்தித் தேய்ச்சும் எழும்பலேன்னா, மூச்சு நிமிஷத்துக்கு 10-க்குக் கீழே போனா, கண்பாப்பா குண்டூசித் தலையாட்டம் சின்னதா ஆனா, உதடு நீலம் பாய்ஞ்சா, அடுத்த மாத்திரை கிடையாது, உடனே 108. என்ன மாத்திரைன்னு பெயரைச் சொல்லுங்க, அட்டையையும் எடுத்துக்கிட்டுப் போங்க. ஆஸ்பத்திரியில அதுக்கு மாற்று மருந்து இருக்கு, நலோக்சோன்னு பேரு.

அளவைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, வாய் வழியா, நேரத்துக்குக் கொடுத்தா இந்த நிலைமை வர்றது அபூர்வம். வலி இருக்கிற உடம்பு மார்ஃபினைத் தாங்குற விதமே வேற.

ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டாக் கொடுக்காதீங்க.


வேலூர்க்காரி (புதன், இரவு 9:30)

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு வாய்ப்புற்று, முழுங்க முடியாது. ஃபென்டனைல் ஒட்டு, தோலில் ஒட்டுகிற வலி மருந்து, போட்டிருக்கிறார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். நேற்று தோள்வலி என்றார், வெந்நீர்ப் பையை ஒட்டின் மேலேயே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ரொம்ப மந்தமாகிவிட்டார். சம்பந்தம் உண்டா?


தாமிரபரணி_செவிலி (புதன், இரவு 9:48)

உண்டும்மா. இப்ப எப்படி இருக்காங்க? கூப்பிட்டா பேசறாங்களா? பேசலேன்னா இதை வாசிக்காம 108-க்கு அடிங்க.

சூடு பட்டா ஒட்டுல இருக்கிற மருந்து வேகமா தோலுக்குள்ள இறங்கும். வெந்நீர்ப் பை, சூட்டு ஒத்தடம், வெயில்ல உட்கார வைக்கிறது எதுவும் கூடாது. கடுமையான காய்ச்சல் வந்தாலும் டாக்டரைக் கூப்பிடணும். ஒட்டைக் கத்தரிச்சுப் பாதியாக்கக் கூடாது. புதுசு ஒட்டுறதுக்கு முன்னாடி பழசை எடுத்தாச்சான்னு முதுகையும் தடவிப் பாருங்க, ரெண்டும் ஒண்ணா இருந்த வீட்டை நான் பார்த்திருக்கேன். எடுத்துப் போட்டாலும் உடம்புல மருந்து பல மணி நேரம் இருக்கும்.

பழைய ஒட்டுல இன்னும் மருந்து மிச்சம் இருக்கு. பசை உள்ளே போற மாதிரி ரெண்டா மடிச்சு, டப்பாவுல போட்டு மூடி, அடுத்த தடவை ஆஸ்பத்திரியில திருப்பிக் கொடுங்க. குப்பைக்கூடையில போட்டா, தவழுற பிள்ளை எடுத்து நெத்தியில பொட்டு மாதிரி ஒட்டிக்கும்.


வேலூர்க்காரி (புதன், இரவு 9:55)

பேசுகிறார், தெளிந்துவிட்டார். வெந்நீர்ப் பையைத் தூக்கி எறிந்துவிட்டேன். டாக்டருக்கும் சொல்லிவிடுகிறேன்.


விடிகாலை (வியாழன், அதிகாலை 4:30)

நொய்யல்வாசி, உங்கள் தம்பியின் இடத்தில் இருந்தவன் நான். மூன்று வருடமாக வெளியே இருக்கிறேன்.

பார்சல் டெலிவரி வேலை. நாளைக்கு 120 கிலோமீட்டர் பைக். இடுப்பில் டிஸ்க் விலகியது. டாக்டர் டிரமடால் 50 மி.கி. ஐந்து நாளைக்கு எழுதினார், அதுவும் மார்ஃபின் மாதிரி வேலை செய்கிற வலி மாத்திரைதான். ஐந்து நாளைக்குத்தான். அந்தச் சீட்டை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் கடை கடையாக வாங்கினேன். முதலில் வலிக்கு. பிறகு வலி வந்துவிடுமோ என்று. அதற்கும் பிறகு, அது இல்லாமல் காலையில் எழுந்திருக்கவே முடியாது என்று. கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு. காய்ச்சல் என்று நினைத்து இன்னொன்று போடுவேன், சரியாகிவிடும். நாளைக்கு 400 மி.கி.-க்கு மேல் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் 600-ஐத் தாண்டியிருந்தேன். சிக்னலில் நின்றபோது வலிப்பு வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் இதை எழுத மாட்டேன். டிரமடால் அளவு மீறினால் வலிப்பு வரும், மன அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் சுலபமாக வரும் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

2018 ஏப்ரலில் டிரமடாலையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே மருந்துக்கடைகள் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் தர வேண்டும் என்ற விதி உண்டு. விதி இருந்தும் எனக்குக் கிடைத்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் கரிசல்மகளின் அப்பா விஷயம் வேறு. நான் சொல்வதைவிட ஆலோசகர் எனக்குச் சொன்னதையே எழுதுகிறேன்: உடம்பு பழகுவது வேறு, மனசு தேடி அலைவது வேறு. மாதக்கணக்கில் மார்ஃபின் சாப்பிட்டால் எந்த உடம்பும் பழகும். அதனால்தான் நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அந்தப் பெரியவர் அட்டையைத் தேடி அலையவில்லை, துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். நான் திருட்டுத்தனமாக வாங்கியதற்கு அவர் ஏன் வலி தாங்க வேண்டும்?

யாராவது என் நிலைமையில் இருந்தால் 14446-க்குக் கூப்பிடுங்கள். அரசின் போதை மீட்பு உதவி எண், காசு கிடையாது. வீட்டில் தெரியுமே என்று பயந்துதான் நான் ஒன்பது மாதம் தள்ளிப்போட்டேன்.


நொய்யல்வாசி (வியாழன், காலை 10:05)

விடிகாலை, உங்கள் பதிவைத் தம்பிக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டு "இவர் எங்க இருக்கார்ண்ணே?" என்று மட்டும் கேட்டான். உங்களுக்குத் தனிமடல் போட்டிருக்கிறேன். கரிசல்மகள், என் தம்பியின் கதையை உங்கள் அப்பா மேல் ஏற்றிவிட்டேன். மன்னியுங்கள்.


கரிசல்மகள் (ஞாயிறு, இரவு 8:15)

ஐந்து நாளாகிறது. வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. இரண்டு சந்தேகம்.

ஒன்று, மூன்று நாளாக மோஷன் போகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை இசப்கோல் கொடுக்கச் சொல்கிறார்.

இரண்டு, நேற்றிலிருந்து அப்பாவின் கை வெடுக் வெடுக்கென்று இழுக்கிறது. காப்பி டம்ளரைப் பிடித்திருக்கும்போது தானாகத் தூக்கிப்போட்டுத் துண்டெல்லாம் காப்பி. இன்று மத்தியானம் சுவரைப் பார்த்து "நாடா ஓடலை, நாடா ஓடலை" என்றார். தறி ஞாபகம் என்று சித்தப்பா சொல்கிறார்.


தாமிரபரணி_செவிலி (ஞாயிறு, இரவு 8:21)

தங்கச்சி, இசப்கோல் வேண்டாம், மார்ஃபின் சாப்பிடறவங்களுக்கு அது உள்ளேயே கட்டியாப் போய் அடைக்கும், அதுவும் தண்ணி குறைவா குடிக்கிறவருக்கு. அதைப் பிறகு பேசலாம்.

கை இழுக்கிறதும், இல்லாததைப் பார்க்கிறதும்தான் முக்கியம். மார்ஃபின் சிறுநீர் வழியா வெளியே போகாம உடம்புல தேங்கினா இப்படித்தான் காட்டும். இன்னிக்கு ராத்திரி 10 மணி மாத்திரைக்கு முன்னாடி டாக்டரைக் கூப்பிடுங்க. போன் எடுக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. காலையில பார்த்துக்கலாம்னு விடாதீங்க. சிறுநீர் எவ்வளவு போறார்? வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?


வைகைக்கரை (ஞாயிறு, இரவு 8:24)

சட்டைப்பை பார்த்தீர்களா?


கரிசல்மகள் (செவ்வாய், மாலை 4:40)

பார்த்தேன்.

அன்று ராத்திரி வண்டி பிடித்துக் கிளம்பும்போது மாட்டிவிடச் சட்டையை எடுத்தேன். உள்பையில் டைக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த பழைய மாத்திரை, அட்டையை வெட்டி வெட்டி வைத்த துண்டுகள். பெயர் இருந்த பக்கம் எப்போதோ போய்விட்டது, ஒரு துண்டில் மட்டும் "ஃபினாக்" என்கிற பாதி எழுத்து. தினம் இரண்டு போட்டிருக்கிறார். ஏன் அப்பா என்றேன். "அந்தப் பெரிய மாத்திரையைக் கொஞ்சமாத் தின்னா போதும்னு பார்த்தேன். ஒனக்கும் செலவு. இது பழகின மாத்திரைதானே" என்றார். வண்டி முழுக்க நான் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன்.

கிரியாட்டினின் 1.9. ஒன்றரை நாள் வைத்து நரம்பில் திரவம் ஏற்றினார்கள். டைக்ளோஃபினாக் அடியோடு கூடாது. மார்ஃபினை நிறுத்தவில்லை, அதே அரை மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். அல்பிரசோலத்தைக் குறைக்க ஒரு அட்டவணை தந்திருக்கிறார்கள். மலத்துக்கு மருந்தை மாற்றி எழுதினார்கள், மோஷனும் போய்விட்டது. கை இழுப்பு நின்றுவிட்டது. நாடாவைப் பற்றி இப்போது தெளிவாகப் பேசுகிறார், எந்த வருடம் எந்த முதலாளியிடம் என்பதெல்லாம் சேர்த்து.

இன்னொரு கணக்கு. பாராசிட்டமால் 650 நாளைக்கு நான்கு, அதுவே 2.6 கிராம். சட்டைப்பை மாத்திரையிலும் பாராசிட்டமால். சளிக்கு அத்தை கொடுத்ததிலும் பாராசிட்டமால். மூன்று பெயரில் ஒரே மருந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.


ஈரோடு_மருந்தாளுநர் (செவ்வாய், மாலை 5:30)

நல்ல வேளையாகப் பார்த்தீர்கள். பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம் உச்சம் என்பது நல்ல உடம்புக்கு. மெலிந்தவர், சாப்பாடு குறைந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் டாக்டர்கள் அதற்கும் கீழேதான் வைப்பார்கள். அட்டையின் பின்பக்கம் எழுத்து மிகச் சிறிது, செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மருந்தின் பெயர் அதில்தான் இருக்கும், கம்பெனி வைத்த பெயர் எதுவானாலும். வெட்டி வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கம் எங்கே போகிறது என்று கேளுங்கள். நானே கவுண்டரில் கத்தரியை எடுக்கும்போது இனி இரண்டு முறை யோசிப்பேன்.

எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில், ஒரே ஆள் பொறுப்பில், பூட்டில் வையுங்கள். மார்ஃபினை எண்ணி எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் வருகிற வீடு.


கரிசல்மகள் (வெள்ளி, காலை 9:00)

டப்பா வாங்கிவிட்டேன், சாவி என் தாலிச்செயினில். சித்தப்பா காலண்டர் அட்டையில் கட்டம் போட்டு நேரம் எழுதித் தந்தார். 6, 12, 6, 12. நான் அடிக்கடி ஃபிரிட்ஜைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே செய்தார், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வாரம் ஆடித்தவசு. அப்பா கோமதி அம்மன் தவசுக் காட்சியைப் பார்க்க வேண்டும் என்கிறார். ரதவீதிக் கூட்டம். ஆட்டோவில் ஓரமாக நிறுத்திக் காட்டலாம் என்று டாக்டர் சம்மதித்துவிட்டார். சாயங்காலம் 6 மணி மாத்திரை அங்கேதான் வரும். போலீஸ் பாதுகாப்பு அதிகம் இருக்கும். பையில் மார்ஃபின் வைத்திருந்தால் பிரச்சினையா?


ஈரோடு_மருந்தாளுநர் (வெள்ளி, காலை 9:35)

பிரச்சினை இல்லை. அவர் பெயரில் உள்ள சீட்டு, டிஸ்சார்ஜ் சுருக்கம் இரண்டின் நகலும் பையில் இருக்கட்டும். மாத்திரையைத் தனியாக உதிர்த்துக் காகிதத்தில் மடிக்காதீர்கள், பெயர் தெரிகிற அட்டையோடு கொண்டுபோங்கள். தேவையான வேளைக்கும் கூட ஒரு வேளைக்கும் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், மீதி பூட்டிலேயே இருக்கட்டும்.


தாமிரபரணி_செவிலி (வெள்ளி, காலை 9:50)

தண்ணி பாட்டில் மறக்காதீங்க. முதுகுக்குத் தலையணை ரெண்டு. பள்ளம் மேட்டுல ஆட்டோ குலுங்கும், கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி "தேவைப்பட்டால்" மாத்திரை கொடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட இன்னிக்கே கேட்டு வைங்க.


கரிசல்மகள் (அடுத்த வியாழன், இரவு 10:20)

போய்விட்டு வந்துவிட்டோம். கிளம்பும்போது அந்த ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னார் டாக்டர், கொடுத்தேன். மேளச் சத்தம் கேட்டதும் அப்பா ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி. போன மாதம் அந்தக் கையை மார்பு உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. ஆறு மணிக்கு நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். சித்தப்பாதான் செல்போனைப் பார்த்து, "ஏம்மா, மணி ஆறாச்சு, அண்ணாச்சிக்கு மாத்திரையை எடு" என்றார்.